பாட்டுக்கு முன்பே விழித்த கண்கள்

எல் யெர்னோ: அத்தியாயம் 9

நெரெய்தாவின் சிப் மறுபடியும் கோபித்துக்கொண்டது.

பாட்டு நன்றாகத்தான் ஆரம்பித்தது. டிரம் இரண்டு தடவை அதிர்ந்தது. பாடகர் வாயைத் திறந்தார். ஷெட்டின் தகரக் கதவு சந்தோஷத்தில் நடுங்கியது. அப்போது பெரிதாக ஒரு பேஸ் அடி விழுந்தது. அவ்வளவுதான். போர்டின் ஓரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. பாடகர் திறந்த வாயோடு நின்றுவிட்டார்.

"போச்சா?" என்று பாட்டுப் பெட்டியின் முன்பக்கத்திலிருந்து குரல் கொடுத்தான் அவள் அண்ணன் எபெர்த்தோ.

"போகல. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிச்சு."

"பேருக்கேத்த பிள்ளை. மருமகன்னா அப்படித்தான் இருப்பான்."

போன வாரங்களைத் தவறவிட்டவர்களுக்கு, ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் சொல்லிவிடலாம். பர்ரான்கீயா நகரத்தின் ரெபோலோ பகுதியில், பிரிஸ்கோ என்ற மனிதர் சாகும்போது தன் பிள்ளைகளுக்கு விட்டுப்போனது ஒரு பாட்டு மெஷின். அந்த ஊரில் அதை 'பிக்கோ' என்பார்கள். இரண்டு ஆள் உயரம். முன்பக்கம் முழுக்க மீசை முறுக்கிய ஒரு மாப்பிள்ளையின் முகம், பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி. பெயர் எல் யெர்னோ, அதாவது மருமகன். எபெர்த்தோவும் கல்யாணம் பண்ணவில்லை, நெரெய்தாவும் பண்ணவில்லை. அந்த வீட்டுக்கு வாய்த்த ஒரே மருமகன் இந்தப் பெட்டிதான்.

பெட்டிக்குள் அப்பா கட்டிய வால்வு ஆம்ப்ளிஃபயர் இருந்தது. அது பாடினால் தெருவே ஆடும், தெருவின் கரண்டும் ஆடும். புது வருடம் பிறந்த அதே நிமிடம் தெரு முழுக்க இருட்டாகி, குடியிருப்போர் குழுத் தலைவி டெல்ஸியின் ஃப்ரிட்ஜ் உயிரை விட்டது. உள்ளே அவள் பண்டிகைக்காகச் செய்துவைத்திருந்த பன்றிக்கறி பொட்டலங்களும் கூடவே போய்ச் சேர்ந்தன. அதோடு டெல்ஸி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். தன் வீட்டு விளக்கு அசையாமல் எல் யெர்னோ முழு சத்தத்தில் ஒரு பாட்டுப் பாடிக் காட்ட வேண்டும். காட்டினால் கார்னிவல் சனிக்கிழமை தெரு அவனுக்கு. இல்லாவிட்டால் அடுத்த தெரு பிக்கோவுக்கு. அடுத்த தெருக்காரர்கள் வேண்டுமென்றே தங்கள் மெஷினுக்கு 'லா ஸுவேக்ரா', மாமியார், என்று பெயர் வைத்திருந்தார்கள். சொந்தத் தெருவில் மாமியார் பாட, மருமகன் மூலையில் துணி போர்த்திக்கொண்டு நிற்பதை எபெர்த்தோவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அந்தப் பரீட்சை இன்று சாயங்காலம்.

அதற்காகத்தான் நெரெய்தா பொகோத்தாவில் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். அங்கே அவள் பார்த்ததும் ஆம்ப்ளிஃபயர் வேலைதான். லிஃப்ட்டுக்குள் பேசும் குட்டி ஸ்பீக்கர்களுக்கு. அவள் வடிவமைத்த சர்க்யூட்டுகளில் ஊர் உலகம் அதிகம் கேட்ட பாடல், 'கதவு மூடுகிறது'. அடுத்த இடத்தில், 'கதவு திறக்கிறது'. இந்தத் திறமையை நம்பித்தான் ரெபோலோவை ஆடவைக்கிறேன் என்று கிளம்பி வந்திருந்தாள்.

இத்தனைக்கும் சிப் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அப்பாவின் வால்வு மெஷின், குழாயைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டே விடிய விடிய நிற்கும் ஆளைப் போல. பாதி பாட்டாகும், பாதி வெறும் சூடாகும். சிப்புக்கு அந்தப் பாதி வேலையே தெரியாது. முழுசாகத் திற, முழுசாக மூடு. நொடிக்குப் பல லட்சம் தடவை. வெளியே வாசலில் 'காயில்' என்கிற ஒரு கம்பிச்சுருளும் ஒரு கண்டென்சரும் உட்கார்ந்துகொண்டு, அந்தப் படபடப்பைத் தேய்த்து வழவழப்பாக்கிப் பாட்டாகக் கொடுக்கும். சூடு இல்லை. கரண்டும் கொஞ்சம்தான்.

முதல் போர்டில் கண்டென்சரை சிப்பின் காலிலிருந்து ஒரு விரல் நீளம் தள்ளி வைத்துவிட்டாள். அந்த ஒரு விரல் தூரத்துக்கே சிப் கீச்சிட்டது. இரண்டாவது போர்டில் காயில் சின்னதாகப் போய், பாடகரோடு சேர்ந்து அதுவும் பாடியது. மூன்றாவது போர்டு தங்கம். அவள் மேசையில் நாள் முழுக்கப் பாடும். பிக்கோவுக்குள் வைத்தால் மட்டும் ஒரு பாட்டுக்கூட முடிவதற்குள் சிவப்பு விளக்கு.

சிப்பில் அதற்கென்று ஒரு கால் உண்டு. ஏதோ சரியில்லை என்று சொல்லும். என்ன சரியில்லை என்று சொல்லாது. என்ன ஆச்சு என்று கேட்டால் 'ஒண்ணுமில்ல' என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குடும்பத்தில் வளர்ந்தவள் என்பதால், நெரெய்தாவுக்கு இது புதிதில்லை.

"சூடா இருக்குமோ?" என்றான் எபெர்த்தோ.

சிப்பின் சூட்டை இறக்கும் ஹீட்ஸிங்க்கின் மேல் உள்ளங்கையை வைத்தாள். ஜனவரிக் காற்று ஷெட்டுக்குள் புகுந்து அவள் காகிதங்களையெல்லாம் புரட்டிக்கொண்டிருந்தது. "நம்ம அம்மா மனசைவிடக் குளுகுளுன்னு இருக்கு."

"அப்ப கரண்ட்டு பத்தலையோ?"

"மீட்டர் முள்ளு ஆணி அடிச்ச மாதிரி ஒரே இடத்துல நிக்குது."

"ஒயரு நீளமோ?"

"அதே ஒயரை மேசைக்குக் கொண்டுபோய்ப் பாத்தேன், பாடுச்சு. அதே ஸ்பீக்கரை நாலு பேரை வெச்சுத் தூக்கிட்டுப் போய்ப் பாத்தேன், பாடுச்சு. பக்கத்து வீட்டுக்காரன் வந்து ஆடிட்டே போனான்."

"அப்ப என்னதான் குறை?"

அதுதானே கேள்வி! நெரெய்தா சோல்டரிங் அயர்னை ஸ்டாண்டில் வைத்துவிட்டுப் பெட்டியின் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். ஒயர் அதே ஒயர், ஸ்பீக்கர் அதே ஸ்பீக்கர், போர்டு அதே போர்டு. மேசையில் இல்லாத ஏதோ ஒன்று பிக்கோவில் இருக்கிறது. அது என்ன? பயத்தைவிட ஆசைதான் அதிகமாக இருந்தது அவளுக்கு. இதைக் கண்டுபிடிக்காமல் தெருவே கையில் கிடைத்தாலும் அவளுக்குத் தூக்கம் வராது.

"அண்ணே, என்னைப் பாத்து உண்மையைச் சொல்லு. நான் பொருத்தினதுக்கப்புறம் நீ எதையாவது கனெக்ட் பண்ணியா?"

"நானா?" எபெர்த்தோ நெஞ்சில் கை வைத்தான். அந்தக் கையெல்லாம் மஞ்சள் பெயின்ட். "செத்துப்போன அப்பா மேல சத்தியமா ஒரு ஒயரைத் தொடலடி. ஒரு மாசமா பிரஷ்ஷைத் தவிர வேற எதையும் கையில எடுக்கல."

எபெர்த்தோ பொய் சொன்னால் காது மடல் சிவக்கும். சிவக்கவில்லை.

*

மத்தியானம் அம்மா உபால்தினா பின்கட்டுச் சமையலறையிலிருந்து பானையோடு வந்தாள். பச்சைத் துவரை சீசன். மாட்டுக்கறியும் வாழைப்பழமும் போட்டுக் கெட்டியாகக் காய்ச்சிய சூப், மேலே ஆவி.

"சாப்பிட்டுட்டு அப்புறம் அழுங்க" என்று பானையை நெரெய்தாவின் மேசையில், போர்டுக்கு ஒரு சாண் தள்ளி வைத்தாள்.

"அம்மா! சொட்டினா போச்சு!"

"இப்ப மட்டும் என்ன வாழுதாம்? காலையிலேருந்து கேக்கறேன், ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல நின்னுபோகுது. பாடினா முழுசாப் பாடணும். இல்லேன்னா வாயைத் தொறக்கக் கூடாது."

"உனக்குத்தான் பிடிக்காதே, அரைகுறையா நின்னா நல்லதுதானே" என்றான் எபெர்த்தோ, கிண்ணத்தை நீட்டியபடி.

"பிடிக்காதுதான். உங்கப்பன் இருந்தவரைக்கும் இந்த எழவோட சக்களத்தி மாதிரி குடித்தனம் பண்ணேன். அவரு போனார், இது போகல. இதை வித்துட்டு ஒரு நல்ல மருமகளா, மனுஷ மருமகனா பாத்துக் கொண்டாங்கடான்னா…"

"மனுஷன் இவ்வளவு பெருசா கிடைக்கலம்மா" என்றாள் நெரெய்தா.

"எச்சே!" என்று கையை வீசிவிட்டு உபால்தினா திரும்பி நடந்தாள். போகிற போக்கில் மருமகனின் இரும்புச் சட்டத்தை இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் ஒரு துடைப்பு துடைத்துவிட்டுப் போனாள். தூசி பிடிக்காத கை, வேறென்ன.

இருவரும் சூப்பைக் குடித்தார்கள். தங்கையின் முகத்தைப் பார்க்க எபெர்த்தோவுக்குப் பாவமாக இருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சிப்பைப் பற்றி அவனுக்குத் தெரிந்த நல்லது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொன்னான்.

"உன் சிப்புக்கிட்ட ஒரு நல்ல குணம் இருக்கு நெரே, நான் ஒத்துக்கறேன்."

"என்ன?"

"மரியாதை. அப்பா மெஷின்ல பாட்டு அடிச்சாத்தான் கண்ணைத் தொறப்பான். உன்னோடதுல ஸ்விட்ச்சைப் போட்டதுமே, பாட்டு வர்றதுக்கு முன்னாடியே, கண்ணு முழிச்சுக்கிட்டுக் காத்திருக்கான்."

நெரெய்தாவின் கரண்டி வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"யாரு கண்ணு?"

"மருமகன் கண்ணுதான்! உன் கண்ணா?"

கிண்ணத்தை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. பெட்டியைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் ஓடினாள். இத்தனை நாளும் ஸ்விட்ச் போடும்போதெல்லாம் அவள் நின்றது பெட்டியின் முதுகுப்பக்கம். மருமகனின் முகத்தை அவள் நேருக்கு நேர் பார்த்தது அவன் தூங்கும்போது மட்டும்தான்.

"ஸ்விட்ச்சைப் போடு அண்ணே. பாட்டு வேணாம்."

போட்டான். சத்தமே இல்லை. சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்களும் மெல்ல எரிந்தன. சிமிட்டவில்லை. சும்மா, ஆடாமல், அவளையே பார்த்தன.

"கண்ணுக்குள்ள என்ன பல்பு?"

"லாரி பல்பு. கண்ணுக்கு நாலு."

"நாலா! எங்கேருந்து கரண்ட்டு?"

"எங்கேருந்துன்னா? எல்லா பிக்கோலயும் எங்கேருந்தோ அங்கேருந்துதான். ஒரு முனை ஸ்பீக்கர்ல, இன்னொரு முனை சட்டத்துல ஒரு ஸ்க்ரூ."

"ஒயரே தொடலன்னு அப்பா மேல சத்தியம் பண்ணியேடா பாவி!"

எபெர்த்தோ உண்மையாகவே திடுக்கிட்டான். "இது ஒயராடி? இது கண்ணு! மூஞ்சி பெயின்ட் அடிச்சா கண்ணும் சேத்துத்தான் வைக்கணும். பெயின்ட் கணக்குல வர்றது!"

அவனைக் குறை சொல்ல முடியாது. அந்த ஊரில் பிக்கோ கட்டுகிறவர்கள் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். கொம்பு, பல், கண் எல்லாம் பெயின்டர் வேலை. ஒரு முனை ஸ்பீக்கரில், மறுமுனை இரும்பில். அப்பா காலத்திலிருந்து அப்படித்தான், அதில் ஒரு தப்பும் வந்ததில்லை. தப்பு நெரெய்தாவுடையது. எத்தனையோ இரவுகள் திருத்தித் திருத்தி அவள் வரைந்த சர்க்யூட்டில் சிப் இருந்தது, காயில் இருந்தது, ஸ்பீக்கர் இருந்தது. முகம் இல்லை. பர்ரான்கீயாவில் பிறந்துவிட்டு, முகமில்லாத ஆம்ப்ளிஃபயர் வரைந்திருந்தாள். லிஃப்ட்டுக்கு முகம் கிடையாதே.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். தரையில் உட்கார்ந்துகொண்டு சிரித்தாள்.

"என்னடி, கழண்டுபோச்சா?"

"இங்க வா, சொல்றேன். அப்பா மெஷின் கும்பியா ஆடற பொம்பளை மாதிரி. ஸ்பீக்கருக்குப் போற ரெண்டு கால்ல ஒரு கால் தரையை விட்டு எழும்பாது. அதனால நீ கண்ணோட ஒரு முனையைத் தரையில, அதான் இந்தச் சட்டத்துல, மாட்டினாலும் ஒண்ணுமில்ல. என் சிப்போட ரெண்டு காலும் ஆடுது. இது மேல போனா அது கீழ, அது மேல போனா இது கீழ."

"ரெண்டு காலும் காத்துல இருந்தா விழமாட்டானா?"

"மாட்டான். சும்மா நிக்கும்போதும் ரெண்டு காலும் தரையிலேருந்து ஒரே உயரத்துல மிதக்கும். நீ அதுல ஒரு காலைப் புடிச்சு எட்டு லாரி பல்பு வழியா தரையோட கட்டிப்போட்டுட்டே. பாட்டே இல்லாம கரண்ட்டு ஒழுகிட்டே இருக்கு. அதான் கண்ணு எரியுது. அதுக்கு மேல பேஸும் அடிச்சா அவன் என்ன பண்ணுவான்? 'என்னைக் கொல்லப் பாக்கறாங்க'ன்னு வாயை மூடிக்கறான்."

எபெர்த்தோ மருமகனின் முகத்தைப் பார்த்தான். "நான் மரியாதைன்னு நினைச்சேன்" என்றான் மெதுவாக. "பாவம், வலியில முழிச்சுட்டிருந்திருக்கான்."

"கண்ணைப் புடுங்கிடலாமா?"

"குருட்டு மருமகனைத் தெருவுல நிறுத்தவா? அதுக்கு மாமியாரே பாடிட்டுப் போகட்டும்!"

புடுங்க வேண்டியிருக்கவில்லை. சட்டத்தில் இருந்த ஸ்க்ரூவைக் கழற்றி, அந்த முனையை ஸ்பீக்கரின் இன்னொரு காலுக்கு மாற்றினாள். ஒரே உயரத்தில் மிதக்கும் இரண்டு கால்களுக்கு நடுவே கண். பாட்டு இல்லாவிட்டால் கரண்டும் இல்லை. பல்புகளிலும் கண்ணுக்கு மூன்றைக் கழற்றிவிட்டாள். ஸ்விட்ச்சைப் போட்டபோது மருமகன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். பாட்டைப் போட்டபோது சிமிட்டினான்.

பாட்டு முழுசாக முடிந்தது.

*

சாயங்காலம் தெரு முழுக்க ஆள். பரீட்சை என்று யாருக்கும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மாமியார் கோஷ்டியிலிருந்துகூட இரண்டு பேர் சுவரோரமாக நின்று, ஐஸ் உறிஞ்சிக்கொண்டே, இங்கே வந்ததே ஐஸுக்காகத்தான் என்பது போல் நடித்தார்கள்.

டெல்ஸி தன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைத் தெருவுக்கு முதுகு காட்டிப் போட்டு உட்கார்ந்தாள். அவள் பார்வை முழுக்க வரவேற்பறையில் தொங்கிய பல்பின் மேல்.

"நான் பாட்டுக் கேக்க வரல" என்றாள். "பல்பைப் பாக்க வந்திருக்கேன். அது ஒரு தடவை கண்ணடிச்சாலும் முடிஞ்சுது."

"பல்பு கண்ணடிக்காதுக்கா. மருமகன்தான் அடிப்பான்" என்றான் எபெர்த்தோ.

"வாய் மட்டும் உங்கப்பன் மாதிரி."

ஷெட்டின் தகரக் கதவைத் தெருப்பக்கம் விரியத் திறந்துவிட்டு, நெரெய்தா பட்டனை முழுசாகத் திருப்பினாள்.

லிஃப்ட்டில் இப்படியெல்லாம் நடக்காது. பேஸ் முதலில் உள்ளங்காலில் ஏறியது, அப்புறம் முழங்காலுக்கு, அப்புறம் நெஞ்சுக்கு. மரத்தில் இருந்த பறவைகள் கூட்டமாக இடம் மாறின. மருமகன் சிவப்புக் கண்ணைச் சிமிட்டியபடி பல்லைக் காட்டினான். யாரோ ஒருத்தி "ஐயோ, என்னையே பாக்கறான்!" என்று கத்த, தெரு சிரித்தது, சிரித்த தெரு ஆட ஆரம்பித்தது. நெரெய்தா ஆடவில்லை. சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது எரியவில்லை. இரண்டாவது பல்லவியிலும் எரியவில்லை.

டெல்ஸி நாற்காலியைத் திருப்பினாள். அவளுக்கே அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது, ஆனால் நேர்மையான பெண்பிள்ளை.

"அசையல" என்றாள்.

எபெர்த்தோ இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நடுத்தெருவில் சுற்றினான். அவன் ஒரு சுற்று முடிப்பதற்குள், டெல்ஸியின் வீட்டுக்குள்ளிருந்து கழுத்தறுபட்ட பூனை மாதிரி ஒரு ஊளை கிளம்பியது.

ஊளைக்குப் பின்னால் டெல்ஸியின் புருஷன் ஊரியேல் வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாயைத் திறப்பதற்கு முன் நாலு தடவை யோசித்து, பெரும்பாலும் திறக்காமலே விட்டுவிடுகிற மனிதர். கையில் ரேடியோ. ஊளை அதிலிருந்துதான்.

"ஸ்டேஷன் எதுவும் எடுக்கல" என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில். "பாட்டு ஆரம்பிச்சதுலேருந்து."

டெல்ஸி எழுந்தாள். "இன்னிக்கு மேட்ச் இருக்கு. இவரு முழங்காலை வெச்சுக்கிட்டு ஸ்டேடியமும் போக முடியாது, கார்னிவல் பூ ஊர்வலமும் பாக்க முடியாது. எல்லாம் அந்த ரேடியோலதான். அதுக்கும் உலை வெச்சுட்டீங்களா?"

"அக்கா, பேச்சு விளக்கைப் பத்தி மட்டும்தான்!" என்றான் எபெர்த்தோ.

"இப்ப ரேடியோவையும் சேத்துக்கிட்டேன். தலைவி நானா, நீயா? மேட்ச் ஆரம்பிக்கறதுக்குள்ள, இந்தப் பாட்டு ஓடும்போதே, அந்த ரேடியோ மனுஷக் குரல்ல பேசணும். இல்லேன்னா தெரு மாமியாருக்கு."

சுவரோரத்து இருவரும் ஐஸ் உறிஞ்சுவதை நிறுத்தினார்கள்.

"விடு டெல்ஸி" என்றார் ஊரியேல். "பாட்டு நல்லாத்தான் இருக்கு."

"நீங்க உள்ள போங்க!"

நெரெய்தாவுக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது. நொடிக்குப் பல லட்சம் தடவை திறந்து மூடும் கதவு, அந்தப் படபடப்பில் கொஞ்சம் எங்கோ ஒழுகி வெளியே போகிறது. ரேடியோவுக்கு அதுவும் ஒரு ஸ்டேஷன். ஆனால் போர்டை இரும்பு டப்பாவுக்குள் வைத்திருந்தாள். காயிலும் சரியான காயில்தான். எங்கே ஒழுகுகிறது? பொகோத்தாவில் இதைத் தேட ஒரு தனி அறையும், தொடவே பயப்படும் ஒரு கருவியும் இருந்தன. இங்கே அதைவிட நல்ல கருவி இருந்தது.

"மாமா, அந்த ரேடியோவைக் கொஞ்சம் குடுங்க."

"இதையா?" ஊரியேல் ரேடியோவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "எதுக்கும்மா?"

"எங்க ஊளை ஜாஸ்தியோ அங்கதான் ஓட்டை. மோந்து பாத்துட்டே போகப்போறேன்."

"அவ்வளவு தூரமெல்லாம் போகணுமா?" என்றவர், டெல்ஸி முறைப்பதைப் பார்த்துக் கொடுத்துவிட்டார்.

"அண்ணே, பாட்டை நிறுத்தாதே!" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

இரும்பு டப்பாவின் அருகில் ரேடியோ முனகியது, அவ்வளவுதான். நல்ல பிள்ளை. முதல் ஸ்பீக்கர் ஒயரில் முனகல் குறைந்தது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவது ஸ்பீக்கர் பெட்டியின் அருகே போனபோது ஊளை திடீரென்று உயர்ந்தது. பெட்டியின் பின்னால் குனிந்து பார்த்தாள். அவள் போட்ட ஒயர் பெட்டிக்குள் போனது. அதே இடத்திலிருந்து, அவள் போடாத ஒரு மெல்லிய ஒயர் வெளியே வந்தது.

வெளியே வந்து, சுவரில் ஏறி, கூரை விளிம்புக்கு அடியில் ஓடியது. சுண்ணாம்போடு சுண்ணாம்பாக வெள்ளையடித்திருந்ததால் யாருக்கும் தெரியாது. பிக்கோவை விட்டுத் தள்ளிப் போகப் போக ஊளை குறையவேண்டும். கூடியது. அவள் போர்டு அடக்கமாகத்தான் இருந்தது. யாரோ அதற்கு இத்தனை நீளத்துக்கு ஒரு நாக்கைக் கட்டிவிட்டிருந்தார்கள், அது ஊர் முழுக்க நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தது.

ரேடியோவை உயரத் தூக்கிப் பிடித்தபடி பக்கச் சந்து வழியாக நடந்தாள். ஒயர் முற்றத்தைத் தாண்டியது. துணிக்கொடியைத் தாண்டியது. சமையலறை ஜன்னலுக்கு மேல், ஒரு துளைக்குள் போய் மறைந்தது.

நெரெய்தா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

காப்பித்தூள் டப்பாவுக்குப் பின்னால் உள்ளங்கை அளவு ஒரு ஸ்பீக்கர். அதில் தெருவில் ஓடும் அதே பாட்டு, சின்னதாக, காதோடு பேசுகிற மாதிரி. அடுப்புக்கு முன்னால் அம்மா, முதுகு காட்டி நின்று சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். அகப்பை சும்மா கிளறவில்லை. இடுப்பு தாளம் தப்பாமல் அசைந்தது. பாடகர் இழுக்கும் இடத்தில் அவளும் இழுத்தாள், அவர் நிறுத்தும் இடத்தில் நிறுத்தினாள். ஒரு வார்த்தை தப்பவில்லை.

ஜன்னல் மேடையில் இரண்டு பஞ்சு உருண்டைகள். எல் யெர்னோ பாட ஆரம்பித்தாலே, ஊர் பார்க்க, இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு அம்மா உள்ளே போவாளே, அந்தப் பஞ்சு. வெயிலில் சொகுசாகக் காய்ந்துகொண்டிருந்தது.

நெரெய்தாவின் பாவாடைப் பையில் கட்டிங் பிளையர் இருந்தது. ஒரு வெட்டு. ரேடியோ மனுஷக் குரலில் பேசும், தெரு அண்ணனுடையது. இதே ஒயரில் சின்னதாக ஒரு காயில் போட்டாலும் நாக்கு அடங்கும், அம்மாவின் பாட்டும் போகாது. ஆனால் காயில் சுற்ற மேட்ச் காத்திருக்காது.

பிளையரை எடுத்தாள். எங்கே வெட்டினால் பிறகு ஒட்டுவதற்கு வசதி என்று துளைக்கு அருகில் தேடினாள். அங்கே ஒயரில் ஒரு ஒட்டு இருந்தது. பச்சை டேப். பளபளவென்று, நேற்று சுற்றியது போல. அப்பா ஆயுசு முழுக்கக் கறுப்புத் துணி டேப்பைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. அப்பா போய் ஐந்து வருடம் ஆயிற்று.

அப்படியானால் இது யார்?

ரேடியோவை அக்குளுக்கு மாற்றிக்கொள்ளக் கைப்பிடியைப் பிடித்தவள், அதைக் குனிந்து பார்த்தாள். எப்போதோ உடைந்துபோன கைப்பிடி. ஒட்டுப் போட்டுச் சுற்றியிருந்தது. பச்சை டேப். முனையை அதே மாதிரி சாய்வாக வெட்டி, அதே மாதிரி கவனமாக அமுக்கி.

ரேடியோ ஊளையிட்டது. அம்மா திரும்பினாள்.

மகளைப் பார்த்தாள். மகளின் கையில் இருந்த ரேடியோவைப் பார்த்தாள். அதைக் கொஞ்சம் அதிக நேரமே பார்த்தாள். பிறகு அவசரமே இல்லாமல் ஜன்னலுக்கு வந்து, இரண்டு உருண்டைகளையும் எடுத்து, ஒவ்வொரு காதிலும் ஒன்றாக அடைத்துக்கொண்டாள்.

"என்னடி மசமசன்னு நிக்கறே?" என்றாள். "இந்த எழவுச் சத்தத்தை நிறுத்தச் சொல்லு உங்கண்ணனை!"

காப்பித்தூள் டப்பாவின் பின்னாலிருந்து பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. இருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"நெரெய்தா!" தெருவிலிருந்து டெல்ஸியின் குரல், பேஸையும் கிழித்துக்கொண்டு. "மேட்ச் ஆரம்பிக்கப் போகுது! கண்டுபிடிச்சியா இல்லையா? எங்கேருந்து வருது, யாரு வேலை இது?"

கார்னிவல் சனிக்கிழமை முழுசாகப் பிளையரின் இரண்டு பல்லுக்கு நடுவில் இருந்தது. நெரெய்தா அதைத் திறந்தாள். வெட்டினால் டெல்ஸி வந்து பார்க்காமல் விடமாட்டாள், தன் வீட்டு ரேடியோவின் பச்சை டேப்பை இந்தச் சுவரில் பார்ப்பாள். அடுப்புக்குத் திரும்பியிருந்த அம்மாவின் கையில் அகப்பை அசையாமல் நின்றது. சூப் சொட்டு சொட்டாக அடுப்பில் விழுந்து சுர்ரென்றது.

நெரெய்தா பிளையரை மடக்கிப் பைக்குள் போட்டாள்.

"இல்லக்கா!" என்று தெருவுக்குக் கேட்கும்படி கத்தினாள். "ஒண்ணும் கிடைக்கல! இன்னும் தேடறேன்!"

இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு நின்ற உபால்தினா, அந்தப் பதிலைக் கேட்டபிறகுதான் மூச்சை விட்டாள்.